மதுரையிலிருந்து தனுஷ்கோடி: என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதுரை ரயில்வே காலனியில் குடியிருந்த காலத்திலிருந்தே தனுஷ்கோடியைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே போய்விடுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். என் அம்மா சிறுமியாக இருந்தபோது அந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியவர் என்பதும் தெரியும். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், தெருப் பிள்ளைகள் என்று பலரும் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன்.

"தனுஷ்கோடின்னா ராமேஸ்வரத்துலயே ஒரு இடமா, இல்ல தனி ஊரா?"

தனி ஊர். ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் பாம்பன் தீவு என்ற ஒரே தீவில் இருக்கின்றன. தீவின் தென்கிழக்கில் மணல் ஒரு நீண்ட நாக்குப் போலக் கடலுக்குள் நீளுகிறது. அதன் மேல்தான் தனுஷ்கோடி இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அதையும் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் நிலம் முடிகிற இடம், அரிச்சல்முனை.

நிறையப் பேர் நேராக அரிச்சல்முனைக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு, தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஊர் அதற்கு முன்னாலேயே, சாலையோரத்தில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கினால்தான் பார்க்க முடியும்.

"மதுரையிலேர்ந்து எதுல போறது நல்லது, ரயிலா, பஸ்ஸா, காரா?"

ராமேஸ்வரம் வரை சாலை வழி சுமார் 170 கிலோமீட்டர். விரகனூர் ரிங் ரோட்டைத் தாண்டித் திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பிறகு பாம்பன் பாலம். ராமநாதபுரம் வரை வைகை ஆறு சாலைக்கு அருகிலும் விலகியுமாக நம் கூடவே வரும். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் இருக்கிறது. நாலு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ராமேஸ்வரம் வரை ரயிலைத்தான் சொல்வேன். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ராமநவமி அன்று திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, கை கூப்புவதுபோல் மேலே எழும்பும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே நேராக, லிஃப்ட் மாதிரி, 17 மீட்டர் உயரம் ஏறுகிறது. ரயில் பாலத்துக்குள் நுழைந்ததும் சன்னல் ஓரம் இருந்து கீழே பாருங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர்தான் தெரியும், தூண்கூடத் தெரியாது.

"அண்ணே, ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாமா?"

முடியும். அதிகாலை மூன்று மணிக்கு மதுரையில் காரில் கிளம்பினால் ஏழு மணிக்குள் தனுஷ்கோடி. முதலில் தனுஷ்கோடி, அப்புறம் ராமேஸ்வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, சாப்பிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு ஈரத்துணிப் பையோடு அங்கே வந்து நிற்கிறார்கள். வெயிலும் களைப்பும் சேர்ந்து, வண்டியைவிட்டு இறங்கவே மனம் வராது.

இன்னொரு காரணம், பொழுது சாய்ந்தபின் அங்கே யாரையும் இருக்க விடமாட்டார்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் உள்ளே விடுவது நின்றுவிடும் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி தங்க முடிந்தவர்கள் தங்கிவிட்டுக் காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். அந்த நேரத்து ஊர் வேறு.

"நாங்க முன்னாடி போனப்ப ஜீப்புலதான் போனோம். இப்ப நம்ம கார் கடைசி வரைக்கும் போகுமா?"

போகும். 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச் சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் கடலோரச் சேற்றிலும் மணலிலும் வேனோ ஜீப்போதான். ஒரு தடவை நாங்கள் போன வேன் பாதி வழியில் மணலில் புதைந்து, பதினெட்டுப் பேரும் இறங்கித் தள்ளினோம். அப்போது முழங்கால் வரை தண்ணீர். 2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அதே நாளில்தான் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடமும் திறந்தார்கள். இப்போது ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு டவுன் பஸ்ஸே அரிச்சல்முனைக்குப் போகிறது.

சாலை வந்ததில் வயதானவர்களுக்கு வழி கிடைத்தது, அது பெரிய நன்மை. ஆனால் ஜீப் காலத்தில் போனவர்கள் வழியில் இறங்கினார்கள், மீனவர்களிடம் பேசினார்கள். இப்போது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறார்கள். சாலைக்குக் குறுக்கே வலை இழுக்கிறவர்களும் பிள்ளைகளும் நடப்பார்கள். தயவுசெய்து மெதுவாகப் போங்கள்.

"எந்த மாசம் போனா நல்லாருக்கும்?"

ஜனவரி, பிப்ரவரி. மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அந்தச் சமயத்தில் தனுஷ்கோடிக்கு முன்னால் இருக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும். 2025-இல் அந்தப் பகுதியைத் தமிழ்நாடு அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அது பறக்கும்போதுதான் சிறகின் அடியில் இருக்கிற சிவப்பு தெரியவரும்.

அந்தக் கரையில் எதைப் பேசினாலும் காற்றையும் இரண்டு கடலையும் விட்டுப் பேச முடியாது. தீவின் வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கம், மீனவர்கள் சொல்வது 'பெண் கடல்'. தெற்கே மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்'. சாதாரண நாளில் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும், ஆண் கடல் இரைந்துகொண்டே இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது ஆண் கடல் பொங்கும். மணல் பறந்து சாலையை மூடும், முகத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். அக்டோபருக்கு மேல் வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். அமைதியாக இருந்த பெண் கடல் கொந்தளிக்க ஆரம்பிக்கும். நவம்பரும் டிசம்பரும் புயல் மாதங்கள். வானிலை அறிக்கையில் 'தாழ்வு மண்டலம்' என்ற சொல் வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ஊர் பார்ப்பதற்கென்று போகாதீர்கள். அது திதி கொடுக்க வருகிறவர்களின் நாள்.

"அங்க பாக்க என்ன மாமா இருக்கு? வெறும் இடிஞ்ச சுவருதானே?"

இடிந்த சுவர்தான். ஆனால் அது எதன் சுவர் என்று தெரிந்து பார்த்தால் போதும், ஒரு மணி நேரம் காணாது. 1914-இலிருந்து 1964 வரை ஐம்பது வருஷம் இது எல்லை ஊர். ரயில் நிலையம், துறைமுக அலுவலகம், சுங்கம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம், கோயில், ரயில் என்ஜினுக்குத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. ஒரு நாளைக்குக் கப்பல் ஏற வருகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக ஊர் நிறைந்திருக்கும். இப்போது தேவாலயத்தின் சுவர்களும், ரயில் நிலையக் கட்டடத்தின் மிச்சமும், தொட்டியின் தூண்களும் நிற்கின்றன.

தேவாலயத்துக்குள் போய்ச் சுவருக்கு மிக அருகில் நில்லுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தெரியும். சில கல்லில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழி, சிலவற்றில் மூளையின் மடிப்பு மாதிரி வளைந்த வரி. அது மலையிலிருந்து வெட்டி வந்த கல் இல்லை, பவளக் கல். கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லைச் சுண்ணாம்புக் காரை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். விரலை வைத்தால் உப்பு ஒட்டும். வருஷா வருஷம் போகிறவன் என்பதால் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. ஏறாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள்.

வழியில் இருக்கிற கோதண்டராமர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்று நம்பிக்கை. 1964 புயலில் சுற்றியிருந்ததெல்லாம் போனபோதும் அந்தக் கோயில் நின்றது.

"ரயில் ஒண்ணு அப்படியே கடலுக்குள்ள போயிருச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?"

நிஜம். நான் ரயில்வேக்காரன், இதை எப்போதும் நிதானமாகத்தான் சொல்வேன். 1964 டிசம்பர் 22 இரவு 11.55 மணிக்கு 653-ஆம் எண் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் பாம்பனை விட்டுக் கிளம்பியது. கணக்குப்படி 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்று அந்தத் தீவில் சொல்வார்கள். அந்தமான் பக்கம் உருவான புயல் இலங்கையைக் கடந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தனுஷ்கோடி நிலையத்துக்குச் சற்று முன்னால் சிக்னல் விழவில்லை. புயலில் சிக்னல் கெட்டுப்போயிருந்தது. டிரைவர் நிறுத்தினார், காத்திருந்தார். பிறகு விசில் ஊதிவிட்டு இருட்டுக்குள் மெதுவாக வண்டியை எடுத்தார். சில நூறு அடி போவதற்குள் பெரிய அலை வந்து ஆறு பெட்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அன்று இரவு ஊரே முழுகியது. இந்தப் பக்கமும் இலங்கைப் பக்கமும் சேர்த்துச் சுமார் 1,800 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் போனது, நடுவில் இருந்த தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்று தொடங்கிய பாலத்தை, இளம் என்ஜினியராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் முடித்தார்கள். கடலுக்கு அடியில் விழுந்த இரும்பு கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்று காட்டிக் கொடுத்தவர்கள் மீனவர்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரும் இதே ஸ்ரீதரன்தான். பாலம் திரும்ப வந்தது, தனுஷ்கோடிக்குப் பாதை வரவில்லை. மக்கள் குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது.

வீடியோ எடுக்கிற தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். ரயில் நிலையச் சுவர் முன்னால் நின்று ஆடிப் படம் எடுக்கிறார்கள். அந்த வண்டியில் போனவர்களின் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள்.

"எங்க தாத்தா, எழும்பூர்ல டிக்கெட் வாங்குனா கொழும்பு வரைக்கும் செல்லும்பாரு. அது எப்படி?"

தாத்தா சொன்னது சரி. அதுதான் போட் மெயில். சென்னை எழும்பூரிலிருந்து ரயில் தனுஷ்கோடித் துறைக்கே வரும். அங்கே இறங்கிக் கப்பல். கடைசிக் காலத்தில் ஓடிய இரண்டு கப்பல்களின் பெயர் இர்வின், கோஷன். பாக் நீரிணையைக் கடந்தால் தலைமன்னார், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். மதுரைக்காரர்கள் மானாமதுரை வழியாகப் போவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

என் அம்மாவின் அப்பா கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். 1953-இல் அம்மாவுக்குப் பதினோரு வயது. பாட்டியோடு அந்தக் கப்பலில் போயிருக்கிறார். புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது, 1980-களில் அதுவும் நின்றது. இன்றைக்கு இந்தத் தீவிலிருந்து இலங்கைக்குப் போகப் பயணிகள் கப்பல் கிடையாது.

"அங்கேருந்து பாத்தா இலங்கை தெரியுமா?"

தெரியாது. தலைமன்னார் சுமார் 18 மைல் தூரம், கரையும் தாழ்ந்த கரை. ஆனால் செல்போனுக்கு இலங்கை சிக்னல் கிடைத்துவிடும். ரோமிங்கை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அரிச்சல்முனையில குளிக்கலாமா? ரெண்டு கடலும் சேர்ற இடம், புண்ணியம்னு சொல்றாங்க."

முனையில் இறங்கவே இறங்காதீர்கள். மேலே சொன்ன இரண்டு கடலும் அங்கேதான் மோதுகின்றன. ஒரு பக்கம் போகிற நீரோட்டமும் மறுபக்கத்திலிருந்து வருவதும் சேர்ந்து காலடி மணலை அறுத்துக்கொண்டு போகும். நேற்று மணல்திட்டாக இருந்த இடம் இன்று ஆள் ஆழமாக இருக்கும். கணுக்கால் தண்ணீர் என்று நம்பி நின்றவர்களை அது இழுத்திருக்கிறது. நீச்சல் தெரியும் என்பது அங்கே பேச்சில்லை. வைகையிலும் தெப்பக்குளத்திலும் பழகிய நீச்சல் அந்த ஓட்டத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

சேது ஸ்நானம் செய்ய வேண்டும் என்கிறவர்கள், குளிக்க அனுமதிக்கிற இடத்தை அங்கே நிற்கிற காவலர்களிடம் கேட்டு, கரையோரம் உட்கார்ந்து சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். என் அம்மா அப்படித்தான் செய்தார்.

"காசிக்குப் போறதுக்கு முன்னாடி தனுஷ்கோடி மண் எடுக்கணுமாமே?"

அது பழைய வழக்கம். ராமேஸ்வரத்தில் தொடங்கி, சேதுவில் மணல் எடுத்து, அதைப் பிரயாகை திரிவேணியில் கரைத்து, காசிக்குப் போய், கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்தது என்பார்கள். வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் கங்கை நீரோடு இதே வழியைத் திருப்பி நடப்பார்கள். ஒரு கைப்பிடி மணல் போதும்.

திதி, தர்ப்பணம் கொடுக்கிறவர்களுக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில்தான் எல்லா வசதியும் உண்டு. தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். என் தங்கையிடம் ஒருவர் பாதிச் சடங்கில் நிறுத்திவிட்டுக் கூடுதலாகக் கேட்டார். துக்கத்தோடு உட்கார்ந்திருக்கிற ஆள் அந்த நேரத்தில் மறுத்துப் பேச முடியாது.

"குடிக்கத் தண்ணி, சாப்பாடு கிடைக்குமா?"

சாலையோரம் குடிசைக் கடைகள் இருக்கின்றன. அன்றைக்குப் பிடித்த மீனை மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள், விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இளநீர், டீ கிடைக்கும். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களின் தண்ணீரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். அந்த மணலில் மூன்று நாலு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், ஆகவே அளவாகத்தான் தோண்டுவார்கள். ஒரு அம்மா குழிக்குள் குனிந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சிரட்டை எடுத்தால், அடுத்தது ஊறுவதற்குள் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருப்பார். தண்ணீர் கலங்கக்கூடாது என்று. எனக்கும் கொடுத்தார். கரிப்பே இல்லை.

"சித்தப்பா, மிதக்குற கல்லுன்னு காட்டுறாங்களே, அது எரிமலைக் கல்லுதானே? அப்ப இந்தத் தீவே எரிமலையா?"

ஒன்பதாவது படிக்கிற என் அண்ணன் மகன் கேட்டது. நல்ல கேள்வி, பதிலும் கொஞ்சம் நீளம். தீவு எரிமலை இல்லை. தேவாலயச் சுவரில் தேன்கூடு மாதிரி குழி இருக்கிறது என்று சொன்னேனே, அந்தப் பவளம்தான் இந்தத் தீவுக்கு அடிப்படை. ஆழமில்லாத, சூடான கடலில் வாழ்கிற சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய கூடுகள் இறுகிப் பாறையாகி, மேலே மணல் சேர்ந்து உருவான தீவு. மன்னார் வளைகுடாவில் இதைப்போல 21 குட்டித் தீவுகள் உண்டு. 1986-இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள்.

ராமேஸ்வரத்தில் தொட்டியில் போட்டுக் காட்டுகிற கல் பெரும்பாலும் காய்ந்த பவளம். உள்ளே காற்று அடைத்த அறைகள் நிறைய இருப்பதால் மிதக்கிறது. எரிமலை கக்கும் நுரைக்கல்லும் இதே காரணத்தால்தான் மிதக்கும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது நுரைக்கல் திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து போயிருக்கிறது. ஆகவே நம் கரையில் ஒரு நுரைக்கல் ஒதுங்கினாலும் அது வேறெங்கிருந்தோ வந்ததுதான். பவளத்தில் வரி வரியான, ஒழுங்கான கூடு தெரியும். நுரைக்கல்லில் குமிழிகள் தாறுமாறாக இருக்கும். வித்தியாசம் பார்க்க இது போதும்.

உண்மையான எரிமலைத் தீவு நம் நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் அந்தமானில் பாரன் தீவு. 1787-இல் அது கக்குவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் உறங்கிவிட்டு 1991-இல் மறுபடி விழித்தது. அங்கே ஊர் கிடையாது, இறங்கவும் முடியாது.

"ஞாபகத்துக்குப் பவளம், சங்கு வாங்கிட்டு வரலாமா?"

பவளம் வேண்டாம். கரையில் செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் அப்படித்தான். பாசிமாலை, சிப்பியில் செய்த சாமான்கள் வாங்குங்கள், அது அங்குள்ள பெண்களின் பிழைப்பு. பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைப்பதில் நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

"ராமர் பாலத்து மேல நடந்து போக முடியுமா?"

முடியாது, முயற்சியும் செய்யக்கூடாது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை மணல்திட்டுகளும் சுண்ணாம்புப் பாறைகளுமாக ஒரு தொடர் போகிறது. சில திட்டுகள் நீருக்கு மேலே தெரியும், மற்றவை அடியில். நடுவில் சர்வதேச எல்லை. கடற்படைக் காவல் உண்டு.

இதை ராமன் கட்டினான் என்பதும், இயற்கையாக அமைந்தது என்பதும் நம் ஊரில் பெரிய விவாதம். கப்பல் போக இந்தத் தொடரை வெட்டுகிற சேதுசமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2-ஆம் தேதி நம் மதுரையில்தான் தொடங்கி வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் வேலை நின்றது. என் கருத்தைக் கேட்டால், அந்தத் திட்டுகளும் பவளமும் மீன் பெருகும் இடம். அதை நம்பி வாழ்கிறவர்களைக் கேட்காமல் யாரும் அதில் கை வைக்கக்கூடாது.

"பேய் நகரம்னு நெட்டுல பாத்தோம். ராத்திரி தங்க ஏற்பாடு பண்ண முடியுமா?"

இரவில் இருக்க விடமாட்டார்கள் என்று முன்பே சொன்னேன். தங்க வைக்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் முன்பணம் கட்டி, கடைசியில் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் படுத்துவிட்டு வந்தார்.

'பேய் நகரம்' என்ற பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓலைக் குடிசைகள், சூரிய மின் விளக்கு, பிள்ளைகள் படிக்க ஒரு அரசுப் பள்ளி இருக்கின்றன. காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். ஆணும் பெண்ணுமாக, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னாலேயே நடப்பார்கள். ஒரு வலை கரை ஏற இரண்டு மணி நேரமும் ஆகும். நாமும் கயிற்றைப் பிடிக்கலாமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். அவர்களை அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

"அவ்வளவு நடந்த பிறகும் அவங்க ஏன் அங்கேயே இருக்காங்க?"

நானும் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். "மீனு இங்கதானே இருக்கு" என்றார். இரண்டு கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கச்சானில் ஒன்று பொங்கினால் மற்றதில் வலை போடலாம், வாடையில் மாற்றிப் போடலாம். வருஷம் முழுக்கத் தொழில் இருக்கிற கரை வேறெங்கும் கிடைக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் ராமேஸ்வரத்துக்கு வந்துவிடுவார்கள், ஓய்ந்ததும் திரும்பிப் போவார்கள்.

"மறுபடி ரயில் வருமா?"

2019-இல் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பாதை போடப்படவில்லை. ரயில்வேக்காரனாக எனக்கு ஆசை உண்டு. ஆனால் அந்த மணல் நாக்கின் அகலத்தைப் பார்த்தவர்கள், ஆமைகள் முட்டையிட வரும் கரையைப் பார்த்தவர்கள், யோசிக்கத்தான் செய்வார்கள். நானும் யோசிக்கிறேன்.

"அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போனா சிரமப்படுவாங்களோ?"

கூட்டிப் போங்கள். சாலை கடைசி வரை இருப்பதால் வண்டியில் இருந்தபடியே இரண்டு கடலையும் பார்க்கலாம். மணலில் மட்டும் நடக்க வைக்காதீர்கள், காலை உள்ளே இழுக்கும். மடக்கு நாற்காலி ஒன்று, குடை ஒன்று, தலைக்கு ஒரு துண்டு. காலை எட்டரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். கழிப்பறை வசதி குறைவு, ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

சாலை திறந்த மறு வருஷம், 2018-இல், என் அம்மாவைக் கூட்டிப் போனேன். எழுபத்தாறு வயது. தனுஷ்கோடி என்று பெயர் சொன்னதும் நிறுத்தச் சொன்னார். ரயில் நிலையச் சுவர் சாலையிலிருந்து பத்து எட்டு வைக்கிற தூரம்தான், என் தோளைப் பிடித்து நடந்து வந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் எது என்று திசை பார்த்தார். பிறகு வலது கையை நீட்டி, "இங்கதான் பெட்டிய இறக்கி வைக்கச் சொன்னாங்க. உங்க பாட்டி புளிச்சோத்துப் பொட்டலத்த மடியிலேயே வச்சிருந்தா, கப்பல்ல ஏறுனப்புறம்தான் பிரிப்பேன்னு" என்றார். வெயில் ஏறும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.